பூச்சி படித்தால் சோறு கிடைக்குமா?

சென்ற இதழில் நமது மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவனைப் பற்றி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால் அதில் பாதிக்கு மேல் பட்டாம்பூச்சியைப் பற்றியே இல்லை, பூச்சியை நம்பிப் பிழைக்க முடியுமா என்பதைப் பற்றித்தான். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி: பி.எஸ்சி. விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே வண்டு, தட்டான் என்றால் உயிர். பூச்சிகளைப் பாதுகாக்கும் வேலைக்குப் போகிறேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். 'அப்படி ஒரு வேலையே கிடையாது, பி.எட். முடி, இல்லாவிட்டால் பேங்க் பரீட்சை எழுது' என்கிறார்கள். உண்மையிலேயே அப்படி ஒரு வேலை இல்லையா?
– கல்லூரி மாணவி, தேனி

பதில்: உங்கள் வீட்டில் சொல்வது பாதி உண்மை. 'பூச்சிப் பாதுகாவலர் தேவை' என்று யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. புலிக்குத் திட்டம் இருக்கிறது, யானைக்குத் திட்டம் இருக்கிறது, அதற்கென்று பணமும் ஆட்களும் இருக்கிறார்கள். பூச்சிக்கு அந்த மவுசு கிடையாது. ஆனால் பூச்சி தெரிந்த ஆள் இல்லாமல் நடக்காத வேலைகள் நிறைய இருக்கின்றன, அவை வேறு வேறு பெயர்களில் ஒளிந்திருக்கின்றன என்பதுதான் சிக்கல். கோவை வேளாண் பல்கலைக்கழகம், அதே ஊரில் உள்ள வன மரபியல் நிறுவனம், ஆனைகட்டியில் பறவை, இயற்கை ஆய்வு மையமான சாக்கான், சென்னை லயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆய்வு நிறுவனம், பெங்களூரில் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான ஏட்ரீ, தேசிய உயிரியல் ஆய்வு மையமான என்.சி.பி.எஸ். போன்ற இடங்களில் ஆய்வுத் திட்டம் வரும்போது திட்ட உதவியாளர் எடுப்பார்கள். ஸ்ரீரங்கம் மேலூரில் உள்ள வண்ணத்துப்பூச்சிப் பூங்கா மாதிரி இடங்களில் விளக்கிச் சொல்லவும் செடிகளைப் பராமரிக்கவும் ஆட்கள் வேண்டும். ஒரு பெரிய திட்டம் வருவதற்கு முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்கிறார்களே, அந்த அறிக்கைகளுக்கும் உயிரினப் பட்டியல் எடுக்க ஆட்கள் போகிறார்கள். இவற்றில் முக்கால்வாசி ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. இதை மறைத்துவிட்டு 'உங்கள் கனவைத் துரத்துங்கள்' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கொஞ்சம் நிலையாக நிற்க வேண்டுமானால் முதுகலையும் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வும் வேண்டும். சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதியை வாங்கிவிட்டால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, வீட்டு வாடகைப் படி தனி. வீட்டில் பேசும்போது இந்த எண்ணை முதலில் சொல்லுங்கள், மீதிப் பேச்சு சுலபமாகிவிடும். படிப்புக்கு மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் காட்டுயிர் உயிரியல் முதுகலை இருக்கிறது. போட்டிக்குத் தயார் என்றால் பெங்களூர் என்.சி.பி.எஸ்., டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனம் இரண்டுக்கும் முயலுங்கள். சாதாரண எம்.எஸ்சி. விலங்கியலும் மோசமில்லை, யாரிடம் பிராஜெக்ட் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆனால் பட்டத்தைவிட முக்கியமாக ஒன்று சொல்வேன். ஏதாவது ஒரு பூச்சிக் குழுவைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்தவுடன் இன்னது என்று சொல்லும் அளவுக்குத் தேறுங்கள். பட்டாம்பூச்சி வேண்டாம், அங்கே ஏற்கெனவே நல்ல கூட்டம். ஈ, குளவி, சாணி வண்டு, நாவாய்ப்பூச்சி, இந்தப் பக்கம்தான் ஆள் இல்லை. பூவில் வந்து உட்காரும் மஞ்சள் கறுப்புப் பட்டைப் பூச்சியைப் பார்த்தவுடன் பத்தில் ஒன்பது பேர் தேனீ என்பார்கள். கொஞ்சம் குனிந்து பாருங்கள்: நாலு இறக்கைக்குப் பதில் இரண்டுதான் இருக்கும், உணர்கொம்பு இருக்கிறதா இல்லையா என்பது போல் குட்டையாக இருக்கும், முகம் முழுக்கக் கண், நடுநடுவே அந்தரத்தில் அப்படியே அசையாமல் நிற்கும். அது ஈ வகை. அதிலும் பல இனங்களின் புழுக்கள் செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினியைத் தின்று விவசாயிக்கு உதவி செய்பவை. இந்த வித்தியாசத்தை நிற்கும் இடத்திலேயே சொல்லத் தெரிந்தவர் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? கண்ணுக்கே சரியாகத் தெரியாத இலைப்பேனை ஆராய்ந்து, இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் பதவி வரைக்கும் போனவர் டி.என். அனந்தகிருஷ்ணன். லயோலாவில் அந்தப் பூச்சியியல் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவர்தான்.

இன்னொன்று, காட்டில் அலைவது இந்த வேலையில் கால்வாசிதான். மீதி நேரம் மைக்ரோஸ்கோப்பும் எக்செல் ஷீட்டும்தான். அது பிடிக்குமா என்று இப்போதே கல்லூரி லேபில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். அப்புறம் பி.எட். ஒன்றும் எதிரி இல்லை, இந்தத் துறையில் நான் பார்த்த நல்ல ஆட்களில் பலர் பள்ளி ஆசிரியர்கள்தான்.

கேள்வி: விவசாயக் குடும்பம். பி.எஸ்சி. அக்ரி மூன்றாம் ஆண்டு. பூச்சியியலில் மேற்படிப்புப் படிக்க ஆசை, ஆனால் எங்கள் பாடத்தில் பூச்சி என்றாலே எந்த மருந்தை எத்தனை மில்லி அடிக்க வேண்டும் என்றுதான் வருகிறது. பூச்சியைக் காப்பாற்ற நினைப்பவன் தவறான இடத்துக்கு வந்துவிட்டேனா?
– மாணவர், திருவாரூர்

பதில்: சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள் தம்பி. என்னைக் கேட்டால் தேனி மாணவியைவிட உங்களுக்கு வேலைவாய்ப்பு அதிகம்.

2008-ல் கோவைப் பக்கம் பப்பாளியில் ஒரு மாவுப்பூச்சி வந்தது, உங்கள் அப்பாவிடம் கேட்டால் ஞாபகம் இருக்கும். பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றிலும் வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டது, அடித்த மருந்து எதற்கும் மசியவில்லை. உடம்பைச் சுற்றி மெழுகு மாவு இருந்தால் மருந்து எப்படி உள்ளே போகும்? கடைசியில் அது மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பூச்சி என்று அடையாளம் கண்டு, அதன் இயற்கை எதிரிகளான ஒட்டுண்ணிக் குளவிகளை 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாத குளவி. அது மாவுப்பூச்சிக்குள் முட்டை வைக்க, குளவிக் குஞ்சு உள்ளிருந்தே தின்றுவிட்டு வெளியே வர, கொஞ்ச காலத்தில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. 2020-ல் கேரளாவில் மரவள்ளி மாவுப்பூச்சி தலைகாட்டியபோதும் இதே கதைதான். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து குளவி வந்தது, 2022-ல் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். இதெல்லாம் நடக்க முதலில் என்ன வேண்டியிருந்தது? 'இது வழக்கமான மாவுப்பூச்சி இல்லை, வேறு' என்று சொல்ல ஒரு கண் வேண்டியிருந்தது. அந்தக் கண்தான் உங்கள் மூலதனம்.

உங்கள் டெல்டாவில் நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியால் பட்டபாடு தெரியும்தானே. இந்தோனேசியாவில் இதே புகையான்தான் பாடம் சொல்லிக்கொடுத்தது. கண்ட மருந்தையும் அடித்து வயலில் இருந்த சிலந்தியையும் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிட, தடுக்க ஆள் இல்லாமல் புகையான் பல மடங்கு பெருகியது. 1986-ல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிக்கொல்லிகளுக்கு அந்த அரசு தடை போட்டது. 1989-ல் உழவர் வயல்வெளிப் பள்ளியை ஆரம்பித்தார்கள். கரும்பலகை கிடையாது. இருபத்தைந்து முப்பது விவசாயிகள் வாரம் ஒருமுறை வயலில் இறங்கி, ஒரு தூரில் எத்தனை கெட்ட பூச்சி, எத்தனை நல்ல பூச்சி என்று எண்ணி, படம் வரைந்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று அவர்களே முடிவெடுப்பார்கள். அந்த முறை அப்புறம் இந்தியா உட்படப் பல நாடுகளுக்கு வந்தது. நம் ஊரிலும் இயற்கை விவசாயக் குழுக்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதற்கு ஆள் தேடுகின்றன. வயலில் நின்று பூச்சியைக் கையில் எடுத்துக் காட்டிப் பேசத் தெரிந்தவருக்கு மரியாதையும் உண்டு, காசும் உண்டு. டிரைக்கோகிரம்மா என்ற குட்டி ஒட்டுண்ணிக் குளவி வளரும் முட்டை அட்டை தயாரித்து விற்பது தனித் தொழிலாகவே நடக்கிறது.

அதனால் பாடத்தில் வரும் மில்லி கணக்கை மனப்பாடம் செய்து பாஸ் ஆகிவிடுங்கள், கோபித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். ஒரு மருந்து எந்தப் பூச்சியின் நரம்பில் என்ன செய்கிறது என்று தெரிந்தவன்தான் 'இதை அடிக்காதே' என்று சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். கடைக்காரர் உட்பட.

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். பூச்சிகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை, ஆனால் எங்கள் பள்ளியில் மைக்ரோஸ்கோப் கிடையாது, காட்டுக்குக் கூட்டிப்போகப் பணமும் அனுமதியும் கிடையாது. சுற்றிலும் பொட்டல். என்ன செய்யலாம்?
– ஆசிரியர், விருதுநகர் மாவட்டம்

பதில்: பொட்டல் என்றால் எருக்கு இருக்குமே ஐயா! ஒரே ஒரு எருக்கஞ்செடி போதும், ஒரு வருஷப் பாடம் ஓட்டலாம்.

இலையைத் திருப்பினால் அடியில் வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சியின் முட்டை ஒற்றையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதிலிருந்து வரும் புழு கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையோடு, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்பு இழைகளோடு இருக்கும். எருக்கம்பாலில் நஞ்சு இருக்கிறது, பிசுபிசுப்பு வேறு. இந்தப் புழு என்ன செய்யும் தெரியுமா? இலையின் நடு நரம்பை முதலில் கடித்துவிடும், பால் அங்கேயே வடிந்துவிடும், அதற்கு அந்தப் பக்கம் உள்ள இலையை நிதானமாகத் தின்னும். பிள்ளைகள் இதை நேரில் பார்த்துவிட்டால் தகவமைப்பு என்ற சொல்லை நீங்கள் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. இளம் தண்டில் மஞ்சள் நிற அசுவினி மொய்த்திருக்கும், அதைத் தேடிப் பொறிவண்டு வரும், அசுவினி விடும் தேன் போன்ற கழிவை நக்க எறும்பு வரும். நீலமும் மஞ்சளுமாகக் கோடு போட்ட எருக்கு வெட்டுக்கிளியைப் பார்த்தால் பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். பூவில் பெரிய கறுப்புத் தச்சன் தேனீ வரும், அதுதான் மகரந்தத்தைச் சுமந்துபோகும் ஆள்.

வாரத்துக்கு ஒரு நாள், அதே செடி, ஒரு நோட்டில் தேதி, என்ன பார்த்தோம், எத்தனை. இவ்வளவுதான். பெயர் தெரியாவிட்டால் 'சிவப்புக் கால் பூச்சி' என்று அவர்களே வைக்கட்டும், பெயரைப் பிறகு தேடிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் கறாராக இருங்கள்: எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் இலையைக் கிள்ளக் கூடாது, முடிந்ததும் எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். உங்கள் பள்ளியில் தேசிய பசுமைப் படை என்ற மாணவர் சுற்றுச்சூழல் மன்றம் இருந்தால் அதன் பேரில் இதை நடத்துங்கள், கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வசதியாக இருக்கும்.

கேள்வி: ஐ.டி.யில் பன்னிரண்டு வருஷம். வயது 35. வார இறுதியில் தும்பிகளைப் படம் எடுக்கிறேன். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இயற்கைக் கல்விக்கு வந்துவிடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: விடாதீர்கள். இயற்கை நடை கூட்டிப்போய், பள்ளிகளில் வகுப்பு எடுத்து வீட்டுக்கடன் கட்டும் ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. பெரிய நகரத்தில் தனியார் பள்ளிகளைப் பிடித்து ஓரளவு நடத்துபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் பரீட்சை மாதங்களில் வருமானம் பூஜ்யம்.

உங்களிடம் இருப்பது இந்தத் துறையில் பலரிடம் இல்லாதது: சம்பளமும் கணினி அறிவும். எடுத்த படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு வீணாக்காமல், உயிரினப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளங்களான ஐநேச்சுரலிஸ்டிலோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டலிலோ இடம், தேதியோடு ஏற்றுங்கள். ஜூலைக் கடைசியில் தேசிய அந்துப்பூச்சி வாரம் வருகிறது, மொட்டை மாடியில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி அதன் முன் விளக்கைப் போட்டால் போதும், உங்கள் தெருவில் இத்தனை அந்துப்பூச்சியா என்று ஆகிவிடும். செப்டம்பரில் பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பு. தும்பிதான் பிடிக்கும் என்றால் உங்கள் ஊர் ஏரி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மாதாமாதம் பட்டியல் போடுங்கள். மழைக்குப் பிறகு மைதானத்தில் கூட்டமாகப் பறக்கிறதே மஞ்சள் தட்டான், அது இந்தியாவிலிருந்து மாலத்தீவு வழியாகக் கடலைத் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போவதாகக் கருதுகிறார்கள். அக்டோபரில் மாலத்தீவுக்குக் கூட்டமாக வந்து இறங்குவதை அங்கேயே வாழ்ந்த ஒரு கடல் உயிரியலாளர் வருஷக்கணக்கில் தேதியோடு குறித்து வைத்திருந்ததால்தான் 2009-ல் இந்த விஷயம் வெளியே வந்தது. அவர் பூச்சியியலாளரே இல்லை.

கேள்வி: தேனீ வளர்ப்புப் பயிற்சி முடித்து பத்துப் பெட்டி வைத்திருக்கிறேன். இதுவும் பூச்சிப் பாதுகாப்புதானே?
– வாசகர், குலசேகரம்

பதில்: நல்ல தொழில், நல்ல வருமானம், ஆனால் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள முடியாது. உங்கள் பெட்டியில் இருப்பது ஒரே இனம். தக்காளி, கத்தரிப் பூவைப் பாருங்கள்: மகரந்தம் குழாய்க்குள் அடைத்துக் கிடக்கும், பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் கொட்டும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு காட்டுத் தேனீக்கும் தச்சன் தேனீக்கும் தெரியும். அவை கூட்டமாக வாழ்வதில்லை, மண்ணிலும் காய்ந்த மரத்திலும் ஓட்டை போட்டுத் தனித்தனியாகக் குடியிருக்கின்றன. தோட்டத்தில் ஒரு மூலையைக் கொத்தாமல், சிமெண்ட் போடாமல், பட்ட கிளையை எரிக்காமல் விட்டுவையுங்கள். அதைப் பாதுகாப்பு என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

கேள்வி: மலைப்பகுதிக்குப் போகும்போது வண்டுகளைப் பிடித்து ஊசி குத்திச் சேகரிக்கலாமா? வெளிநாட்டு யூடியூப் சேனல்களில் எல்லாரும் செய்கிறார்களே?
– கல்லூரி மாணவர், நாமக்கல்

பதில்: காப்புக் காட்டிலோ சரணாலயத்திலோ வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு எறும்பைக்கூட எடுக்கக் கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் பட்டாம்பூச்சிகளும் இருக்கின்றன. வெளிநாட்டுக்கு மாதிரி அனுப்புவது என்றால் 2002 உயிரினப் பன்மைச் சட்டம் வேறு. 2008-ல் டார்ஜிலிங் பக்கம் சிங்கலீலா தேசியப் பூங்கா பகுதியில் அனுமதியில்லாமல் பூச்சி சேகரித்த இரண்டு செக் நாட்டவர் கைதாகி, நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்றே தீர்ப்பானது. உங்களுக்கு எதற்கு அந்த வம்பு? ஊசி குத்திப் பழக வேண்டுமானால் தெருவிளக்குக்கு அடியில் காலையில் செத்துக் கிடக்கும் வண்டுகள் போதும். சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பூச்சி அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. எங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் இருந்த பச்சைப் புழுவை டப்பாவில் வைத்து வளர்த்தாள். கூட்டுப்புழு ஆனது, ஆனால் பட்டாம்பூச்சி வரவே இல்லை. ஒரு நாள் பார்த்தால் கூட்டில் சின்ன ஓட்டை, டப்பா முழுக்கக் குட்டிக் குட்டியாகக் குளவிகள். தான் ஏதோ தவறு செய்து கொன்றுவிட்டதாக அழுகிறாள். என்ன சொல்லித் தேற்றுவது?
– தாய், தஞ்சாவூர்

பதில்: அவள் எந்தத் தவறும் செய்யவில்லை என்று முதலில் சொல்லுங்கள் அம்மா. டப்பாவும் காரணமில்லை, போட்ட இலையும் காரணமில்லை. திருவாரூர் மாணவருக்கு எழுதினேனே ஒட்டுண்ணிக் குளவி, அதே சொந்தக்காரர்கள்தான் இவை. புழு வெளியே இருந்தபோதோ, கூட்டுப்புழுவாக மாறிய புதிதில் தோல் மெத்தென்று இருந்தபோதோ தாய்க் குளவி வந்து உள்ளே முட்டை வைத்திருக்கும். குட்டிப் பருவத்தில் பறவை எச்சம் மாதிரி வேஷம், வளர்ந்ததும் இலைப் பச்சை, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து நாற்றமடிக்கும் கொம்பு என்று அந்தப் புழு இத்தனை ஏற்பாடு செய்துகொண்டும் குளவி ஏமாறவில்லை. இந்தக் குளவிகள் இல்லாவிட்டால் உங்களுக்கு ரசத்துக்குக் கறிவேப்பிலை மிஞ்சாது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம், சிரிப்பாள்.

அப்புறம், அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எந்தக் குளவி எந்தப் புழுவில் வருகிறது என்ற விவரம் நம் ஊரில் இன்னும் ஏராளமாகச் சேகரிக்க வேண்டியிருக்கிறது. பொரிந்து வந்ததைத் தன் கண்ணால் பார்த்தவள் என்பதால் அவளிடம் இருப்பது நல்ல தகவல். குளவிகளையும் காலிக் கூட்டையும் ஒரு சின்னக் குப்பியில் போட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை நீங்களே ஊற்றி மூடுங்கள், அவள் கையில் கொடுக்காதீர்கள். ஒரு துண்டுச் சீட்டில் ஊர், கறிவேப்பிலை, புழு எடுத்த தேதி, குளவி வந்த தேதி எல்லாவற்றையும் அவளையே எழுதச் சொல்லி, அதையும் குப்பிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பென்சிலால் எழுதட்டும். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.